தாமிரபரணிப் படுகொலை (1999)

மணிமுத்தாறு அணைக்கு மேலே, சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து ஒரு தோட்ட நிறுவனம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற மாஞ்சோலை முதலிய தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தொழிலாளர், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர், கூலி உயர்வும் சிறைப்பட்ட தோழர்களின் விடுதலையும் வேண்டி, 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாக வந்தபோது போலீசாரின் தடியடிக்கு ஆளாயினர். அலுவலகத்தை ஒட்டியே தாமிரபரணி ஆறு ஓடுவதால், உயிர்தப்ப நீரில் இறங்கியவர்களில் பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் மாண்டனர்.

நீதிபதி மோகன் விசாரணை ஆணையம் மரணங்களுள் பெரும்பாலானவை நீரில் மூழ்கியதால் நேர்ந்தவை என்றது. ஆயினும், அவர்களை நீருக்குள் விரட்டியது எது என்ற வினாவே இச்சரித்திரத்தின் மையம் என்பதில் ஐயமில்லை. ஆர். ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ ஆவணப்படம் அவ்வினாவை மறக்கவிடாமல் காத்தது. ஆண்டுதோறும் அதே நாளில் பல கட்சியினரும் இயக்கத்தினரும் கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் கூடி, நீரில் மலர் தூவி அஞ்சலி செலுத்துகின்றனர்.

குத்தகை 2028-இல் முடியவிருக்க, 2024-இல் தோட்ட நிறுவனம் விருப்ப ஓய்வு அறிவித்து வேலையை நிறுத்தியது. எஞ்சிய குடும்பங்கள் வாழ்விடத்துக்காக நீதிமன்றத்தை நாடின.