ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளின் ஈளை நோய்ப் பராமரிப்பு

ஈளை நோய் (ஆஸ்துமா) என்பது மூச்சுக் குழல்களில் ஏற்படும் நீடித்த அழற்சி நோய் ஆகும். பேச்சு வழக்கில் இது இளைப்பு, இழுப்பு எனப்படுகிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஊர்ப்புறக் குழந்தைகளுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவ வசதி பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையமே. சமவெளியில் 30,000 பேருக்கும், ஏற்காடு, கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளில் 20,000 பேருக்கும் ஒரு நிலையம் என்பது அரசின் அளவுகோலாகும்.

தூண்டிகள்

சளிக் காய்ச்சல், வீட்டுத் தூசியிலுள்ள உண்ணிகள், விறகடுப்புப் புகை, பீடிப் புகை ஆகியன முதன்மையான தூண்டிகள். குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளின் பஞ்சுத் தூசியும், நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தூசியும் நோயுள்ள குழந்தையின் மூச்சுக் குழல்களை உறுத்தக்கூடியவை.

கண்டறிதல்

மீண்டும் மீண்டும் வரும் இழுப்பு, இரவிலும் விடியலிலும் மிகும் இருமல், விளையாடும்போது ஏற்படும் மூச்சிரைப்பு ஆகியன அறிகுறிகள். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு மூச்சளவிச் சோதனை கடினமாதலால், நோய் வரலாறே முதன்மை பெறுகிறது.

ஈளை நோயை நுரையீரல் அழற்சி (நிமோனியா) எனத் தவறாகக் கருதுவது உண்டு. நிமிடத்துக்கு மூச்சு எண்ணிக்கை 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது விரைவு மூச்சு ஆகும். அதனுடன் இழுப்பும் இருந்தால், 15–20 நிமிட இடைவெளியில் மூன்று முறை வரை மூச்சுக்குழல் விரிப்பி மருந்தை உள்ளிழுக்கச் செய்து, மூச்சை மீண்டும் எண்ணுமாறு உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. இதனால் தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் தவிர்க்கப்படுகின்றன. 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலிலும் இழுப்பு நோய் இடம்பெற்றுள்ளது.

சிகிச்சை

மருந்துகள் இருவகைப்படும். சால்பியூட்டமால் இழுப்பை உடனே தணிப்பது. பியூடசோனைடு அழற்சியைக் கட்டுப்படுத்துவது. இழுப்பு நின்றவுடன் இரண்டாவது மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவதால் நோய் திரும்புகிறது. உள்ளிழுப்பான் (இன்ஹேலர்) பழக்கமாகிவிடும் என்ற அச்சம் தவறானது. அதன் மருந்தளவு, வாய்வழி மருந்தினும் மிகக் குறைவு, விரைந்தும் செயற்படும்.

குழந்தைகளுக்கு உள்ளிழுப்பானை இடைக்கலன் (ஸ்பேசர்) வழியாகவே தர வேண்டும். சிறு குழந்தைகளுக்கு முகமூடியும் தேவை. 500 மில்லிலிட்டர் நெகிழிப் புட்டியில் செய்த இடைக்கலனும் கடையில் வாங்குவதற்கு இணையாகப் பயன்படுவதைத் தென்னாப்பிரிக்க ஆய்வொன்று 1999-இல் காட்டியது.

ஆபத்தான அறிகுறிகள்

பேசவோ, பால் குடிக்கவோ இயலாமை, உதடு நீலமாதல், விலா உள்வாங்குதல், மயக்கம் ஆகியன கடுமையான தாக்குதலைக் குறிக்கும். குழந்தை சோர்ந்திருக்கையில் இழுப்பொலி திடீரென மறைவது குணமன்று. காற்று உட்செல்லாமையின் அடையாளமாகும். அந்நிலையில் உயிர்வளியும் சால்பியூட்டமாலும் கொடுத்துக்கொண்டே, 108 அவசர ஊர்தியில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புதல் வேண்டும்.