மொழியும் அதிகாரமும்: ஆசார்ய ஹிருதயத்தின் இரண்டு உவமைகளைப் பற்றிய மறு ஆய்வு

நம்மாழ்வாருடைய திருவாய்மொழி வேதத்தோடு ஒக்கும் என்று நிலைநாட்டிய நூல்களுள் முதலிடம் பெறுவது அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இயற்றிய ஆசார்ய ஹிருதயம் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் அந்நூலின் முற்பகுதியில் மொழியைப் பற்றி வரும் சில சூத்திரங்களை எடுத்துக்கொண்டு, மறைப்பொருளுக்கு மொழி புறத்தே போர்த்திய ஆடையே என்றும், ஆதலால் மூலமொழியைக் கல்லாதவனும் பெயர்ப்பின் வாயிலாகவே அப்பொருளைக் குறைவின்றி உணரலாம் என்பது நாயனாருடைய கொள்கை என்றும், ஆராய்ச்சியாளருள் ஒரு சாரார் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர். இக்கூற்றின் முன்பாதி நாயனாருடைய கருத்துக்கு அணுக்கமானது. பின்பாதியோ, அவர் நூலில் எங்கும் காணப்படாததோடு, நூலின் போக்குக்கும் அமைப்புக்கும் முற்றிலும் மாறானது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேதம் பலவகைப்படும் என்று தொடங்கி, வடமொழி வேதம், தமிழ் வேதம் என்னும் பிரிவு இருக்கு முதலிய பிரிவுகளைப் போன்றதே என்று நாயனார் கூறும் பகுதியை முதலில் கருதுவோம். இதனை அடுத்து நிகழும் தர்க்கம் மிகக் கூரியது. நூலின் ஏற்றத்தை அது எழுந்த மொழியைக் கொண்டு அளப்பதாயின், வடமொழியில் இயன்ற புறச்சமய நூல்களையும் பிரமாணமாகக் கொள்ள வேண்டிவரும். பாடியவருடைய பிறப்பைக் கொண்டு அளப்பதாயின், மீனவப் பெண்ணின் மகனாகிய வியாசர் செய்த பாரதத்தையும், ஆயர்பாடியில் வளர்ந்தவன் உரைத்த பதினெட்டு அத்தியாயக் கீதையையும் தள்ள வேண்டிவரும். வேளாளர் குலத்தில் தோன்றிய ஒருவர் தமிழில் பாடியதை வேதமென ஏற்கலாமா என்று கேட்டவர்களுக்கு இதைவிடச் சுருங்கிய விடையை எவரும் அளித்ததில்லை. எனினும் கேள்வி எதுவோ அதற்கே விடை அமைந்திருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது. கேட்கப்பட்டது பிராமாணியத்தைப் பற்றியது: எந்த மொழியில் எழுந்த நூலை மறையென ஏற்கலாம் என்பது. ஏற்கப்பட்ட மறையின் பொருளை எவ்வாறு உணர்வது என்னும் கேள்வி அவ்விடத்தில் எழவேயில்லை. எழாத கேள்விக்கு விடையை அச்சூத்திரங்களிலிருந்து வருவிப்பது உரைநெறிக்கு ஒவ்வாது.

மேற்கூறிய சாரார் தங்கள் கட்சிக்கு முக்கிய ஆதாரமாகக் காட்டுவன, அப்பகுதிக்குச் சிறிது தொலைவில் ஒன்றையொன்று அணுகி நிற்கும் இரண்டு உவமைகள். ஒன்றில், நூல்களாகிய கடலின் சொல், மேகம் பருகிய கடல்நீரைப் போல ஆழ்வாரின் வாயிற் புகுந்து திருந்தி, எக்காலத்தும் எல்லார்க்கும் உதவுவதாயிற்று என்று சொல்லப்படுகிறது. மற்றொன்றில், வேதம் மட்குடத்துக்கும் திருவாய்மொழி பொற்குடத்துக்கும் ஒப்பிடப்படுகின்றன. மட்குடத்தைத் தீண்டுவதற்கு விதிகளும் விலக்குகளும் உண்டு, பொற்குடத்துக்கு அவை இல்லை என்பது கருத்து. குடம் எதுவாயினும் உள்ளிருப்பது ஒன்றே என்று பொருள்கொண்டு, அப்பொருளையே மேக உவமைக்கும் ஏற்றி, இரண்டும் சேர்ந்து மொழியின் மதிப்பின்மையை உணர்த்துகின்றன என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதத்தில் இரண்டு பிழைகள் உள்ளன என்று கருதுகிறேன். முதலாவது, குட உவமையில் உள்ளிருக்கும் பொருளைப் பற்றிய பேச்சே இல்லை. மண்ணும் பொன்னும் தீண்டுவோருடைய தகுதியைக் குறித்தே அங்கு வேறுபடுத்தப்படுகின்றன. யார் தொடலாம், யார் தொடலாகாது என்பதே பேசப்படும் விஷயம். அது முழுக்க முழுக்க அதிகாரத்தைப் பற்றிய உவமை. குடத்துக்குள் என்ன இருக்கிறது, ஒரு குடத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் அது மாறுமா மாறாதா என்பவை நாம் சேர்ப்பனவே அன்றி நாயனார் சொன்னவை அல்ல. இரண்டாவது பிழை இதனினும் பெரிது. மேக உவமையில் பொருளைப் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் அது எதிர்க்கட்சியாருடைய கருத்தை நேராக மறுக்கிறது. கடல்நீர் உவர்ப்பது, பருகினால் தாகம் தீராது, பயிருக்கு விட்டால் பயிர் பட்டுப்போகும். அதே நீர் மேகத்தின் வழியாக இறங்கும்போது உவர் நீங்கி உண்ணுநீர் ஆகிறது. மேகம் வெறுமனே நீரை இடம்பெயர்க்கும் பாத்திரமாக இருக்குமானால் இவ்வுவமைக்கே பிரயோஜனம் இல்லை. ஆழ்வாரின் வாயும், அவ்வாயிலிருந்து எழுந்த செந்தமிழும், தாம் ஏற்றுக்கொண்ட பொருளை வேறொரு நிலைக்குக் கொணர்ந்தன என்பதே அதன் உயிர். மழைநீரை மீண்டும் கடலிற் சேர்த்து, நீர் நீர்தானே என்று ஒருவர் கூறுவாராயின், அவர் உவமையின் பாதியையே கண்டவராவார்.

ஆகவே நாயனார் இரண்டு வினாக்களைத் தனித்தனியே எடுத்துத் தனித்தனியே விடுத்திருக்கிறார். யாருக்கு உரியது என்றால், எல்லாருக்கும். அதற்குக் குட உவமை. எதனால் எல்லாருக்கும் உதவிற்று என்றால், இந்த வாயில், இந்தச் சொல்லில் திருந்தினமையால். அதற்கு மேக உவமை. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதால் நேர்ந்த மயக்கமே பின்வந்த கட்டுரைகள் பலவற்றில் தொடர்ந்து வந்திருக்கிறது.

இதனை அரண்செய்யும் சான்று நூலின் கருத்தில் மட்டுமன்றி அதன் உருவத்திலேயே இருக்கிறது; நான் அதனையே அதிகம் மதிக்கிறேன். ஆசார்ய ஹிருதயத்தின் 234 சூத்திரங்களையும் ஒருமுறை வாசித்தவர், அவை நாயனார் தாமாக வனைந்த வாக்கியங்கள் அல்ல என்பதை உடனே காண்பர். ஆழ்வார்களின் பாசுரங்களிலிருந்து எடுத்த துணுக்குகளை, பெரும்பாலும் வினைமுற்றுக்கூட இல்லாமல், ஒன்றோடொன்று கோத்து அவர் தம் தர்க்கத்தை நடத்துகிறார். மொழியால் ஏற்றமில்லை என்று சாதிக்கும் அந்தச் சூத்திரத்தையே பாருங்கள். புறச்சமய நூல்களை அவர் பொய்ந்நூல் என்று குறிப்பது தாமாக இட்ட வசை அன்று. திருமங்கையாழ்வார் கடல்மல்லைத் தலசயனத்தைப் பாடிய பதிகத்திலிருந்து வந்த சொல் அது. அப்பாசுரத்தில் ஆழ்வார், பிறரை அடுத்துத் தொண்டுபட்டுப் பொய்ந்நூலை மெய்ந்நூலாக எண்ணி ஓதிக்கொண்டே வீணாக மாய்ந்துபோக வேண்டாம், வாருங்கள் என்று உலகத்தாரை அழைக்கிறார். பாசுரத்தை அறியாத ஒருவனுக்குச் சூத்திரம் பிறர் நூலின்மேல் வீசிய ஒரு மறுப்பாகவே தோன்றும். அறிந்தவனுக்கோ, ஓதியே வாழ்நாளைக் கழித்த மனிதர்களின்பால் எழுந்த இரக்கமும் அவர்களை நோக்கிய அழைப்பும் அச்சொல்லோடு கூடவே வந்து நிற்கும். தர்க்கத்தின் தொனியே மாறிவிடுகிறது. மணவாள மாமுனிகளின் வியாக்கியானம், துணுக்கு ஒவ்வொன்றையும் அதன் பாசுரத்துக்கு மீட்டுக் கொண்டுபோய்க் காட்டுவதில் இத்துணைப் பாடுபடுவதும் இதனாலேதான்.

மூலமொழி வேண்டா என்று கற்பிக்கும் நூல் ஒன்றை, மூலப் பாசுரங்களை நெஞ்சில் ஏந்தியவனன்றி மற்றொருவன் ஓரடியும் கடக்க இயலாதவாறு ஓர் ஆசிரியர் இயற்றுவாரா? இதற்கு உடன்பாடான விடையை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

நாயனாருடைய குடிப்பிறப்பையும் இங்கே நினைவுகூரலாம். அதனைப் பிரமாணமாகக் கொள்வதற்கில்லை, எனினும் புறக்கணிப்பதற்கும் இல்லை. நம்பிள்ளையின் திருவரங்கத்து உபந்நியாசங்களைக் கேட்டு 36,000 கிரந்த அளவுடைய திருவாய்மொழி உரையாகிய ஈட்டை ஏடுபடுத்திய வடக்குத் திருவீதிப்பிள்ளைக்குப் பிள்ளை உலகாசிரியரும் இவரும் மக்கள். பாசுரத்தின் ஒவ்வொரு தொடரையும் தனித்தனியே எடுத்து, அது ஏன் அவ்விடத்தில் அவ்வாறே நின்றது என்று விசாரிக்கும் அவ்வுரை எழுந்த இல்லத்தில் வளர்ந்தவர் இவர். நம்பிள்ளையைப் பற்றிய குருபரம்பரைச் செய்தியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. மேல்நாட்டிலிருந்து வந்து பட்டரை அடைந்த நஞ்சீயர், தாம் அருளிய திருவாய்மொழி உரையாகிய ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்கத் தந்ததும், ஏடு காவிரியில் போக, நம்பிள்ளை நினைவிலிருந்தே எழுதித் தந்ததும் யாவரும் அறிந்த வரலாறு. அதில் கருதத்தக்கது, புதிய பிரதியில் சில இடங்களில் பொருள் முன்னையதினும் சிறந்திருந்ததாகவும், அதற்குக் காரணம் நம்பிள்ளைக்குத் தமிழில் இருந்த தேர்ச்சி என்றும் அவ்வரலாற்றைச் சொன்னவர்கள் கருதியதே. நிகழ்ச்சி அவ்வாறே நடந்ததோ இல்லையோ, உரை வளர்வது மூலமொழியின் பயிற்சியால் என்பதைச் சம்பிரதாயம் ஐயமின்றி நம்பிற்று என்பதற்கு அது போதிய சாட்சி.

இனி, கனமான ஆக்ஷேபம் ஒன்று உண்டு. அதனை விரைந்து கடத்தல் நேர்மையாகாது. வேதாந்த தேசிகர் திருவாய்மொழியின் தாற்பரியத்தை 130 வடமொழிச் சுலோகங்களில் திராமிடோபநிஷத் தாத்பர்ய ரத்நாவளியாகப் பாடினார். தமிழிலும் வடமொழியிலும் ஒருங்கே வல்ல அவ்வாசிரியரே இப்பணியை மேற்கொண்டார் எனின், அப்பொருள் வேறு மொழியிலும் முழுமையாக நிற்கும் என்று அவர் எண்ணியதற்கு அது சான்றாகாதா? ஆகும் என்று தோன்றுவது, அச்சுலோகங்கள் செய்யும் காரியத்தைக் கவனியாத வரையில்தான். ஒவ்வொரு திருவாய்மொழிக்கும் ஒரு சுலோகம் என்ற கணக்கில், அப்பதிகத்தில் பேசப்படும் பகவத்குணம் இன்னது என்றும், பாசுரந்தோறும் அது இவ்விவ்வாறு நிறுவப்படுகிறது என்றும் அவை அடைவுபடுத்துகின்றன. பாசுரத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு அவை விலைமதிக்கவொண்ணாத துணை. பாசுரத்தை அறியாதவனுக்கு அவை குணங்களின் நிரலாக மட்டுமே எஞ்சும். ஆயிரத்து நூற்றிரண்டு பாசுரங்களில் ஆழ்வார் தாயாகவும் மகளாகவும் தோழியாகவும் நின்று கதறியதும் ஊடியதும் அதில் எவ்வாறு அகப்படும்? இன்னொன்றும் உண்டு. தமிழ் மாலைகளைத் தெளிய ஓதியே, வடமொழி மறையில் தெளியாத இடங்களைத் தாம் தெளிந்ததாகத் தேசிகர் தம் தமிழ்ப் பாட்டொன்றில் கூறுகிறார். தெளிவு தமிழிலிருந்து வடமொழிக்குப் பாய்ந்தது என்பது அவர் வாக்குமூலம். பிற்காலத்தில் வடகலை என்றும் தென்கலை என்றும் பிரிந்து பல பொருள்களில் முரணிய இரு மரபுகளுக்கும் முன்னோடிகளான தேசிகரும் நாயனாரும் இவ்வொரு விஷயத்தில் ஒருமுகமாக நிற்பது, என் முடிவுக்கு எதிரான சான்றைவிட ஆதரவான சான்றாகவே எனக்குத் தோன்றுகிறது.

மற்ற ஆக்ஷேபங்கள் இத்துணை வலியுடையன அல்ல. பக்தி ஒன்றே போதும், இறைவனுக்கு எல்லா மொழியும் ஒன்று என்பர் சிலர். அது வீடுபேற்றைப் பற்றிய பேச்சு, நூற்பொருளை உணர்வதைப் பற்றிய பேச்சு அன்று. திருமலையிலும் திருநாராயணபுரத்திலும் தெலுங்கையும் கன்னடத்தையும் தாய்மொழியாகக் கொண்ட அடியார்கள் தத்தம் லிபியில் எழுதிய திவ்வியப் பிரபந்தத்தைத் தமிழிலேயே சேவிப்பதை வேறு சிலர் எடுத்துக்காட்டுவர். அப்பழக்கம், பொருள் விளங்காதவிடத்தும் மூலத்தின் ஒலியை மாற்றச் சம்பிரதாயம் இசையவில்லை என்பதைக் காட்டுகிறதேயன்றி, மூலம் வேண்டா என்பதைக் காட்டவில்லை. எழுத்தறியாத எண்ணற்றோர் நம்பிள்ளையின் கோஷ்டியில் அமர்ந்து உணர்ந்தனரே என்பதும் அவ்வாறே. அவர்கள் செவிவழியாக மூலமொழியில் தோய்ந்தவர்கள்.

ஆயினும் என் கட்சியை அளவுக்கு மிஞ்சி நீட்டிக்கவும் நான் விரும்பவில்லை. மூலமொழி இன்றியமையாதது என்பதால், விளக்கும் மொழியும் மூலமொழியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி முதற்கொண்டு ஐந்து வியாக்கியானங்களும் ஆழ்வாரின் தமிழில் அமையவில்லை, மணிப்பிரவாளத்தில் அமைந்தன. அம்மணிப்பிரவாளம் நம் காலத்தவர்க்குக் கடினமாகிவிட்டபடியால், பு. ரா. புருஷோத்தம நாயுடு ஈட்டைத் தமிழாக்க, சென்னைப் பல்கலைக்கழகம் அதனை வெளியிட்டது. உரையின் மொழி இவ்வாறு காலந்தோறும் மாறலாம், இனியும் மாறும். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அது செவ்வனே நடைபெறக் கூடும். ஆனால் பிள்ளானும் நம்பிள்ளையும் நாயுடுவும் பாசுரத்தை நடுவே வைத்து அதன் தொடர்களைச் சுற்றியே பேசினர். பாசுரத்தை எடுத்துவிட்டால் அவ்வுரைகளில் பாதி வாக்கியங்களுக்கு எழுவாயே இராது.

இவ்விடத்தில், பெயர்ப்பை நம்புகிறவர்களைவிட நம் தமிழ் வாசகர்களைக் குறித்தே எனக்குக் கவலை மிகுதி. மூலமொழியைக் கற்கவேண்டும் என்றவுடன், அது பிறநாட்டார்க்கும் பிறமொழியார்க்கும் சொன்ன வார்த்தை என்று அவர்கள் ஒதுங்கிவிடுகின்றனர். நம்மாழ்வாரின் தமிழ் இன்று நாம் வீட்டில் பேசும் தமிழ் அன்று. அகத்துறை மரபையும், தலைவியின் பேச்சாகப் பதிகம் திரும்பும் இடத்தையும், அந்தாதியாய் ஒரு பாசுரத்தின் ஈறு அடுத்ததன் முதலாகும்போது பொருள் நகரும் விதத்தையும் முயன்று கற்றாலொழிய, தாய்மொழி என்னும் உரிமை ஒருவனுக்கு அந்நூலில் எதையும் திறந்துவிடுவதில்லை. மேல்நாட்டிலிருந்து வந்த நஞ்சீயர் கற்றார். திருவாய்மொழிக்கு உரையும் கண்டார். தமிழராய்ப் பிறந்து, இவ்வுரைகளின் ஓர் ஏட்டையும் புரட்டாமல், பாசுரங்களின் பொழிப்பை மட்டும் வாசித்து நிறைவடைபவர், மூலமொழி வேண்டா என்று வாதிக்கும் அறிஞர் நிற்கும் அதே இடத்தில்தான் நிற்கிறார்.