சிறப்புத் தேவை உடைய மாணவர்களும் ஆசிரியர்களின் பணியிடைப் பயிற்சியும்: தமிழ்நாட்டுச் சூழலில் ஓர் ஆய்வு

1. முன்னுரை

மாற்றுத்திறன் குழந்தைகள் தம் வீட்டருகே உள்ள பொதுப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்பது இன்று சட்டம் ஏற்றுக்கொண்ட உரிமை. ஆனால், சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டதாலேயே ஒரு குழந்தை கற்றுவிடாது. நாள்தோறும் அக்குழந்தைக்குப் பாடம் நடத்தும் வகுப்பாசிரியரின் திறனே அந்த உரிமைக்கு உயிர் தருகிறது.

அத்திறனை வளர்க்கும் பணியிடைப் பயிற்சி குறித்து இக்கட்டுரை மூன்று கருத்துகளை நிறுவ முயல்கிறது. பயிற்சி அரங்கில் தொடங்கலாம், வகுப்பறையில்தான் நிறைவுற வேண்டும். வகுப்பாசிரியரும் சிறப்புப் பயிற்றுநரும் அதனை இணைந்தே பெற வேண்டும். அதன் பாடப்பொருள், தமிழில் எழுதவும் வாசிக்கவும் கற்கும் குழந்தையின் உண்மையான இடர்களிலிருந்து உருவாக வேண்டும்.

2. சட்டமும் கொள்கையும்

2.1 சட்டக் கடமை: மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக விரித்தது. ஆட்டிசமும் டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாடுகளும் அப்போதுதான் பட்டியலுள் வந்தன. இச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிரெயிலும் சைகை மொழியும் அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிப்பதையும், போதிய வள மையங்களை அமைப்பதையும் அரசின் கடமையாக்குகிறது.

2.2 பணியிட விகிதம்: பொதுப் பள்ளிகளில் தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் மாணவர்க்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேர்க்கு ஒருவர் என்ற அளவில் சிறப்புப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் அளித்த தீர்ப்பில் கூறியது.

2.3 பயிற்சி நேரம்: தேசியக் கல்விக் கொள்கை 2020, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரத் தொழில் மேம்பாட்டுப் பயிற்சி பெற வேண்டும் என எதிர்பார்க்கிறது.

ஆக, ஆளும் நேரமும் ஏட்டளவில் வரையறுக்கப்பட்டுவிட்டன. அந்த நேரத்தில் என்ன நிகழ வேண்டும் என்பதே இனி ஆராயத்தக்கது.

3. முன்னோடி மாதிரி: 1987

இவ்வகையில் நாம் வெறுங்கையோடு தொடங்கவில்லை. 1987இல் யுனிசெஃப் உதவியுடன் தொடங்கிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டம், பங்கேற்ற மாநிலங்களில் தனித்தனிப் பள்ளிகளை விடுத்து ஒரு வட்டாரம் முழுவதையும் அலகாகக் கொண்டது. தமிழ்நாடும் அதில் இடம்பெற்றது. அதன் பயிற்சி மூன்று அடுக்குகளால் ஆனது. வட்டாரத்தின் எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரு வாரம். அவர்களில் பத்தில் ஒருவருக்கு ஆறு வாரம். எட்டு முதல் பத்துப் பேருக்கு ஓராண்டு.

அனைவருக்கும் அடிப்படை, சிலருக்கு ஆழம், ஒரு சிலருக்கு முழுத் தேர்ச்சி என்னும் இந்தப் படிநிலையின் சிறப்பு, ஐயம் எழுந்தால் கேட்பதற்கு அருகிலேயே ஒருவர் இருப்பார் என்பது. எல்லார்க்கும் ஒரே அளவில் வழங்கப்படும் பயிற்சியில் இந்த வாய்ப்பு இல்லை.

4. இன்றைய இடைவெளிகள்

4.1 இரு தடங்கள்: சிறப்புப் பயிற்றுநர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவர். பதிவைப் புதுப்பிக்கத் தொடர் கல்விப் புள்ளிகள் பெறுபவர். வகுப்பாசிரியரோ ஆசிரியர் கல்வியின்போது உள்ளடக்கிய பள்ளி பற்றி ஒரு தாளைப் படித்துவிட்டுப் பணிக்கு வருகிறார். பின்னர் அவர் செல்லும் பயிற்சி வேறு, பயிற்றுநர் செல்லும் பயிற்சி வேறு. ஒரே குழந்தைக்குப் பொறுப்பான இருவரும் ஒரே அறையில் அமர்ந்து அக்குழந்தையின் தனிநபர் கல்வித் திட்டத்தை எழுதும் வாய்ப்பு அரிதாகவே அமைகிறது. வட்டார வள மையத்திலிருந்து பயிற்றுநர் வரும் நாளில் குழந்தையைத் தனியே அழைத்துப் பயிற்சி தருவதும், மற்ற நாள்களில் அது வகுப்பில் சும்மா அமர்ந்திருப்பதும் இப்பிரிவினையின் விளைவுகள்.

4.2 கேட்டலோடு நின்றுவிடுதல்: விளக்கவுரை, செயல்விளக்கம், பயிற்சி, பின்னூட்டம் ஆகியவற்றோடு வகுப்பறையிலேயே உடனிருந்து வழிகாட்டலும் சேரும்போதுதான் கற்றது வகுப்பறையை எட்டுகிறது என்பதைக் கல்வி ஆய்வாளர்களான புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே எடுத்துரைத்தனர். மற்றோர் ஆய்வாளரான தாமஸ் கஸ்கி இன்னொன்றைச் சுட்டினார்: ஆசிரியரின் மனப்பாங்கு பயிற்சி உரையால் மாறுவதைவிட, புதிய முறையால் தம் மாணவர் கற்பதைக் கண்ணால் கண்டபின் மாறுவதே மிகுதி. “இந்தப் பிள்ளைக்கு வராது” என்ற எண்ணத்தை அந்தப் பிள்ளை வாசிக்கும் முதல் வரியே மாற்றும்.

5. பாடப்பொருள்: தமிழ் வாசிப்பை முன்வைத்து

5.1 எழுத்து: கற்றல் குறைபாடு பற்றிய பயிற்சிகளில் ஆங்கிலத்தின் பி, டி எழுத்துகளைக் குழந்தை இடவலம் மாற்றி எழுதுவதே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகிறது. தமிழில் இடர்கள் வேறு. ‘கே’ என்பதில் மெய்க்குப் பின் ஒலிக்கும் உயிரின் குறி, எழுத்தில் முன்னால் நிற்கிறது. ‘கொ’வில் ஒற்றைக் கொம்பு ஒருபுறம், துணைக்கால் மறுபுறம். ‘கௌ’வின் இறுதிக்குறியும் ‘ள’கரமும் ஒரே வடிவின. கடல், அகம், தங்கம் ஆகிய மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. ல–ள–ழ, ந–ன–ண, ர–ற மயக்கங்களும் குறில் நெடில் மயக்கமும் இவற்றோடு சேர்கின்றன.

5.2 பிரெயில்: 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் உயிர், ஒலிக்கும் வரிசையிலேயே மெய்க்குப் பின் எழுதப்படுகிறது. பார்வையற்ற மாணவர் தமிழை வேறு வரிசையில் எழுதுகிறார் என்பதை அறியாத ஆசிரியர், அவர் எழுத்துக்கூட்டுவதைப் பிழை எனக் கருதிவிடக்கூடும்.

5.3 பிரித்தறிதல்: வீட்டில் ‘வந்துட்டாங்க’ என்று கேட்டு வளர்ந்த குழந்தை ‘வந்துவிட்டார்கள்’ என்பதைத் தடுமாறி வாசித்தால் அது குறைபாடு ஆகாது. தெலுங்கோ உருதோ பழங்குடி மொழியோ பேசும் வீட்டுக் குழந்தையின் தயக்கமும் அவ்வாறே. மொழிப் பழக்கமின்மை, கற்பித்தல் போதாமை, உண்மையான கற்றல் குறைபாடு ஆகிய மூன்றையும் பிரித்தறியும் திறனே பயிற்சியின் முதல் இலக்காக வேண்டும். அது இல்லாதபோது, உதவி வேண்டாத குழந்தை முத்திரை குத்தப்படுகிறது. உதவி வேண்டும் குழந்தை ‘மக்கு’ என்று ஒதுக்கப்படுகிறது.

5.4 அன்றாடச் செயல்கள்: கரும்பலகையைப் பார்த்தபடி பேசினால், உதடுகளின் அசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மாணவருக்குப் பாடம் அறுந்துபோகிறது. சன்னலின் கூசும் ஒளி, குறைபார்வை உடையவருக்குப் பலகையை மறைக்கிறது. அறிவுசார் குறைபாடு உடைய குழந்தைக்கு ஒரு செயலைச் சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்க வேண்டும். இவற்றை விரிவுரையாகக் கேட்பது போதாது, வகுப்பில் செய்து பழக வேண்டும்.

6. பரிந்துரைகள்

அ) ஆண்டின் 50 மணி நேரத்தில் ஒரு பங்கை, வகுப்பாசிரியரும் சிறப்புப் பயிற்றுநரும் ஒரே வகுப்பில் சேர்ந்து கற்பித்து, பின் கலந்துரையாடும் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும்.

ஆ) அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் குழந்தையின் அடையாளத்தை மறைத்து, அதன் எழுத்துப் படியையோ வாசிப்பையோ வைத்து ஆய்வு நடத்த வேண்டும்.

இ) 1987இன் மூவடுக்கு முறையை மீட்டு, ஒவ்வொரு குறுவள மையத்திலும் ஆழ்ந்த பயிற்சி பெற்ற வகுப்பாசிரியர் ஒருவரையாவது உருவாக்க வேண்டும்.

ஈ) மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோரையும் பயிற்சி அளிப்பவர்களாக அழைக்க வேண்டும். கருவிகளை, மொழியை, தடைகளை வாழ்ந்து அறிந்தவர்கள் அவர்கள்.

உ) பயிற்சியின் பயனை வருகைப் பதிவால் அளக்காமல், தனிநபர் கல்வித் திட்டத்தில் குறித்த இலக்கை மாணவர் எட்டினாரா என்பதால் அளக்க வேண்டும்.

7. முடிவுரை

சிறப்புப் பயிற்றுநர் பணியிடங்களை நிரப்புவது இன்றியமையாதது. எனினும் அது மட்டும் போதாது. பயிற்றுநர் வந்து செல்பவர், வகுப்பாசிரியர் நாள் முழுதும் உடனிருப்பவர். உடனிருப்பவரைத் திறனுடையவராக்காத எந்தத் திட்டமும் குழந்தையைச் சென்றடையாது. பயிற்சி நாள்களைக் கூட்டுவதைவிட, பயிற்சியை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வதையே கல்வித் துறை தன் முதற்பணியாகக் கொள்ள வேண்டும்.