தகடூர் வாயில் முதல் வாரத் தொடர் வரை: படைப்பாளி மீது விழும் எதிர்பார்ப்பின் வரலாறு

புகழ்பெற்ற படைப்பாளியிடம் ரசிகர்கள் உரிமை கொண்டாடுவது கணினி விளையாட்டோடு பிறந்த வழக்கமன்று. 2012 மார்ச்சில் வெளிவந்த ‘மாஸ் எஃபெக்ட் 3’ விளையாட்டின் முடிவு பிடிக்காமல் ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். பயோவேர் நிறுவனம் அதே ஆண்டு ஜூனில் முடிவை விரித்து, இலவசமாகவே கொடுத்தது. தமிழில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. அதற்கும் முந்தைய நிலையை அறிய, இன்றைய தருமபுரியான தகடூருக்குப் போக வேண்டும்.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றிய புறநானூற்றுப் பாடல்களில் 206, 208 ஆகிய இரண்டும் இங்கே முக்கியமானவை. முதலாவதில், பரிசில் தரத் தாமதித்த அஞ்சிமேல் சினந்த ஔவையார், வாயில்காவலனிடம் சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டுகிறார். இரண்டாவதில், தம்மை நேரில் காணாமலே அஞ்சி கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுக்கிறார். தகுதியறிந்து தந்தால் தினையளவே ஆனாலும் போதும் என்பது அவர் நிலை. எதிர்பார்ப்பு இங்கே புலவர் பக்கம் இருக்கிறது. (பேசுவதும் புலவர்களே என்பதை மறக்கக் கூடாது.) சுவைப்பவன் ஒருவன், அவன் முகம் திருப்பினால் இன்னொரு வள்ளலின் ஊருக்குப் போகலாம்.

அச்சு இதழ் வந்தபின் இந்தச் சமநிலை குலைந்தது. எழுத்தாளர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவல் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை ‘கல்கி’ வார இதழில் வந்தது. மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் காத்திருந்தவர்களுக்கு, கதை தங்களுக்கும் சொந்தம் என்ற எண்ணம் ஏற்பட்டதில் வியப்பில்லை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி திட்டவட்டமாகச் சொல்லவில்லை. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் உள்ளிட்டோரைத் துரோகிகளாகப் பெயர் சொல்லிக் குறித்தும், நாவலில் அவர் மர்மத்தை விட்டுவைத்தார். முடிவில் நிறைவு காணாத வாசகர்களுக்காக அவர் ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது. முழுக் கற்பனைக் கதையைத் திருமணத்தோடு முடித்துவிடலாம், சரித்திரக் கதையை அப்படி முடிக்க இயலாது என்று வாதிட்டார். ஆனாலும் பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பதையும் சொன்னார். வாதத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, நடைமுறையில் விட்டுக்கொடுத்தார் என்றே நான் கருதுகிறேன். அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையைத் தொடர்ந்தார்.

1990களில் தருமபுரி வட்டாரத்தில் தொலைபேசித் துறையில் பணியாற்றிய எழுத்தாளர் ஜெயமோகன், வாசக எதிர்பார்ப்பு தரும் இந்த நெருக்கடியை வேறு வடிவில் சந்தித்தார். 2014 முதல் 2020 வரை நாள்தோறும் எழுதிய ‘வெண்முரசு’ 26 நாவல்களாக விரிந்தது. அது மகாபாரதம், முடிவை மாற்றக் கோர யாராலும் இயலாது. ஆகவே நெருக்கடி முடிவைவிட்டு, நாள் தவறாமல் தர வேண்டிய அடுத்த அத்தியாயத்துக்கு நகர்ந்தது.

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படங்களுக்கு (2022, 2023) வசனம் எழுதியவரும் அவரே. ஐந்து பாகங்கள் இரண்டு படங்களாகச் சுருங்கியபோது, நாவலை நெஞ்சில் வைத்திருந்தவர்கள் விடுபட்டவற்றைக் கணக்கெடுத்தார்கள். 1954இல் கல்கியிடம் விளக்கம் கேட்ட வாசகத் தரப்பு, இப்போது கல்கியின் பெயரால் மற்றவர்களிடம் விளக்கம் கேட்டது.