ஹாலே முதல் பொறையாறு வரை

நம் வரதராஜன்பேட்டையில் திருச்சபைக் கல்வி என்றதும் அலங்கார அன்னை ஆலயமும் தொன் போஸ்கோ பள்ளியும் நினைவுக்கு வரும். நமது கத்தோலிக்க மரபு அப்படி. கொள்ளிடத்துக்கு அப்பால் தரங்கம்பாடியில் லுத்தரன் சபையார் வளர்த்த கல்விக்குத் தனி வரலாறு உண்டு. அதே மரபின் இன்னொரு கிளை அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்களிடமும் ஓடுகிறது.

இரண்டுக்கும் ஊற்று ஜெர்மனியின் ஹாலே நகரம். அங்கே பயின்ற மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கினார். பள்ளிகள், அச்சகம், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு, 1716இல் உபதேசியாருக்கான பயிற்சிப் பள்ளி என்று பத்தாண்டுகளில் அவர் செய்து முடித்தவை ஏராளம். அதே ஹாலேயிலிருந்து 1742இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனவர் போதகர் ஹென்றி முலன்பர்க். கடல் கடந்து வந்து காடு திருத்தி வாழ்ந்த ஜெர்மானியக் குடும்பங்களுக்குப் போதகர் போதவில்லை. ஐரோப்பாவிலிருந்து ஆள் வரும்வரை எத்தனை காலம் காத்திருப்பது? சொந்தப் பிள்ளைகளையே படிக்க வைக்கத் தீர்மானித்தார்கள். கெட்டிஸ்பர்க்கில் 1826இல் இறையியல் பள்ளியும் 1832இல் கல்லூரியும் எழுந்தன. பின்னர் வந்த சுவீடன்காரர்கள் 1860இல் அகஸ்டானாவையும், நார்வேக்காரர்கள் 1861இல் லூத்தர் கல்லூரியையும் நிறுவினார்கள். வசதி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் தள்ளிப்போடவில்லை. என்னை மிகவும் கவர்வது இதுதான்.

அந்த ஜெர்மானியக் குடியேறிகளின் சபை அனுப்பிய ஹேயர் என்ற போதகர் 1842இல் குண்டூர் வந்து சேர்ந்தார். அப்பணியில் பிறந்ததுதான் ஆந்திரா கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே ஆசிரியராகப் பணியாற்றிய தமிழர் ராஜா மாணிக்கம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ந்த பொருளே சென்னை மாகாணத்து மிஷன் கல்லூரிகளின் கல்விதான். 1956 ஜனவரி 14இல் தரங்கம்பாடியின் முதல் இந்தியப் பேராயராக அவர் அருட்பொழிவு பெற்றார்.

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919இல் உருவானது. தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையாற்றில் அதன் கலைக் கல்லூரி தொடங்கியது 1972இல். பெயர், தரங்கை பேராயர் மாணிக்கம் லுத்தரன் கல்லூரி. முதல் பயிற்சிப் பள்ளிக்கும் இக்கல்லூரிக்கும் இடையே 256 ஆண்டுகள்! மிஷனின் பணமும் முடிவும் வெளியிலிருந்து வந்தவரை தரங்கம்பாடிப் பகுதியில் கல்லூரி அமையவில்லை. சபை நம் மக்கள் கைக்கு வந்து ஐம்பத்து மூன்று ஆண்டுகளில் அமைந்தது. பொறுப்பைத் தாமே சுமந்தவர்களுக்குத்தான் உயர்கல்வி விரைவில் கிட்டியது என்பது என் கணிப்பு.

அந்தக் குடியேறிகளை மனத்தில் கொண்டு, வெளிநாடுகளில் உழைக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீடு கட்டுவதற்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை, கல்லூரி செல்லும் ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்துக்காக ஆண்டுதோறும் அனுப்புங்கள்.