ஸ்பைரோஸ் கப்பல் கற்பித்த பாடம்



பள்ளியில் தீப்பயிற்சி மணி ஒலித்ததும் மாணவர்கள் பாடநூலை மூடிவிட்டு உற்சாகமாகத் திடலுக்கு இறங்குவார்கள். பாடம் தப்பியதே என்ற மகிழ்ச்சி அவர்களுக்கு! அண்மையில் வரிசையில் நின்ற ஒரு மாணவன், "நெருப்பு வந்தால் ஓடத்தானே போகிறோம், ஐயா, அதற்குப் பயிற்சி எதற்கு?" என்றான். வகுப்புக்குத் திரும்பியதும் இலக்கணப் பாடத்தை ஒத்திவைத்துவிட்டு, ஓட இயலாமற்போனவர்களின் வரலாற்றைச் சொன்னேன்.

1978 அக்டோபர் 12. ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் பழுதுபார்ப்புக்காக நின்றிருந்தது. மதிய உணவை முடித்துத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையில் இறங்கியிருந்தார்கள். பிற்பகல் இரண்டு மணியைத் தாண்டிய சிறிது நேரத்தில் கப்பலின் பின்பகுதியில் இருந்த எரிபொருள் தொட்டி வெடித்தது. தீப்பற்றிய எண்ணெய் இயந்திர அறைக்குள் பாய்ந்தது. அங்கிருந்தவர்களுக்கு வெளியேற வழியில்லை. 76 பேர் மாண்டனர். 69 பேர் காயமுற்றனர். போருக்குப் பிந்திய சிங்கப்பூரின் தொழில்துறை வரலாற்றில் இதனினும் பெரிய உயிரிழப்பு வேறொரு விபத்தில் நேர்ந்ததில்லை.

காரணம் என்ன? விசாரணைக் குழு ஆராய்ந்தது. உலோகத்தை வெட்டும் கருவியின் நெருப்பு, தொட்டிக்குள் தேங்கியிருந்த ஆவியைப் பற்றவைத்திருந்தது. கப்பலை இயக்கும் கனரக எண்ணெய் சாதாரண வெப்பநிலையில் எளிதில் தீப்பிடிக்கும் ஆவியை வெளியிடாது. ஆனால் அத்தொட்டியின் எண்ணெயில் கச்சா எண்ணெய் கலந்திருந்தது. கச்சா எண்ணெயின் இலகுவான கூறுகள் விரைவில் ஆவியாகும். அந்த ஆவி காற்றோடு தக்க அளவில் கலந்துவிட்டால் ஒரு பொறியே போதும். ஆபத்து கண்ணுக்குப் புலப்படவில்லை. கருவி கொண்டு சோதித்தால் மட்டுமே புலப்பட்டிருக்கும்.

வேலையிடத் தீப்பாதுகாப்பு என்றதும் சுவரில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பானே நம் நினைவுக்கு வருகிறது. அது தீ தோன்றிய பின் எடுப்பது. தீ தோன்றாமல் காப்பவை வேறு: தொட்டியைத் துப்புரவாக்குதல், ஆவி இல்லையெனச் சோதித்துச் சான்று பெறுதல், அதன் பிறகே தீப்பொறி எழும் வேலைக்கு அனுமதிச் சீட்டு வழங்குதல், வேலை முடியும்வரை ஒருவரைக் காவலுக்கு நிறுத்துதல். பார்ப்பதற்கு இவை வெறும் தாள்களும் காத்திருப்பும்தான். ஆனால் அந்தக் காத்திருப்பின் விலையை 76 குடும்பங்கள் அறியும்.

பாடம் ஒருமுறை கற்றால் போதுமா? 26 ஆண்டுகள் கழித்து, 2004 மே 29 அன்று, மற்றொரு பட்டறையில் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்த அல்முடைனா கப்பலில் தீ மூண்டு 7 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவ்வாண்டு நிகழ்ந்த பெருவிபத்துகளுக்குப் பிறகு பழைய தொழிற்சாலைச் சட்டத்திற்கு மாற்றாக, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. விபத்து நேரும்வரை காத்திராமல் ஆபத்தை அதன் மூலத்திலேயே குறைக்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை.

நான் சொல்லி முடித்ததும் அதே மாணவன் கேட்டான்: "தொட்டிக்குள் என்ன இருந்தது என்று வெட்டியவருக்குத் தெரியாதா, ஐயா?"

அந்த ஒரு கேள்வியில் முழுப்பாடமும் அடங்கிவிட்டது. தீக்கருவியைப் பிடிப்பவர் ஒருவர். தொட்டியின் உள்ளடக்கத்தை அறிந்திருக்க வேண்டியவர் வேறொருவர். இருவருக்கும் இடையே சொல் அறுந்தால் அங்கே நெருப்பு நுழைகிறது. தமிழகத்திலிருந்து வந்து நம் பட்டறைகளில் உழைக்கும் சகோதரர் பலருக்கு அந்தச் சொல் தமிழில் சொல்லப்பட்டால்தான் முழுமையாகச் சென்றுசேரும். புரியாவிட்டால், "இதைச் சோதித்தாயிற்றா?" என்று அவர் அஞ்சாமல் கேட்கவும் வேண்டும். கேட்டவரை மேலாளர் கடிந்துகொள்ளாதிருக்கவும் வேண்டும்.

தமிழாசிரியனாகிய நான் மாணவர்க்கு வினாச்சொற்களைக் கற்பிக்கிறேன். அவை உயிர் காக்கவும் உதவும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.