எரிபொருள் டேங்கின் காற்றுத்துளை: திருவனந்தபுரச் சாலைகளின் ஒரு பக்க வரலாறு

மோட்டார் வண்டியின் எரிபொருள் டேங்க் எல்லாப் பக்கமும் அடைபட்ட தகரப் பெட்டியாகத் தோன்றினாலும், முற்றிலும் அடைபட்ட கலமாக அது இருக்க இயலாது. இயந்திரம் எண்ணெயை இழுக்க இழுக்க டேங்கினுள் அழுத்தம் குறையும். குறைந்ததை ஈடுசெய்ய வெளிக்காற்று உள்ளே புகாவிட்டால், எண்ணெய் வரத்து நின்று வண்டி நடுவழியில் அணைந்துவிடும். வெயிலில் நிறுத்திய வண்டியில் இதற்கு நேர்மாறாக, உள்ளிருக்கும் காற்றும் ஆவியும் விரிந்து வெளியேற வழி தேடும். இவ்விரு தேவைகளுக்காகவும் டேங்கின் மூடியிலோ கழுத்திலோ ஒரு சிறு துளையோ குழாயோ விடப்பட்டது. பட்டறைகளில் அதற்கு பிரீதர் என்று பெயர். அந்தத் துளை வழியே வெளியே போவது என்ன, உள்ளே வருவது என்ன என்பதை நிர்ணயிப்பது வண்டியில் ஊற்றப்படும் எரிபொருளும் ஊரின் தட்பவெப்பமுமே ஆதலால், திருவனந்தபுரத்தில் அத்துளையின் வரலாறு அந்நகரம் எந்த எரிபொருளை எப்போது தேர்ந்தெடுத்தது என்ற வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகரான திருவனந்தபுரத்துக்கு வந்துசேர்ந்த சரக்கில் பெரும்பங்கு, கால்வாய் வள்ளங்களிலும் மாட்டு வண்டிகளிலுமே வந்தது. கொல்லத்திலிருந்து ரயில் 1918-இல் நகரின் 'சாலை' எனும் பகுதி வரையிலும், 1931-இல் தம்பானூர் வரையிலும் நீண்டது; ஆனால் தெற்கே நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் செல்லும் ரயில் பாதை 1979-இல்தான் திறக்கப்பட்டது. நாஞ்சில் நாட்டின் நெல்லும் மக்களும் தலைநகரை அடைய அதுவரை சாலையையே நம்பியிருந்தமையால், தென்திசைச் சாலையில் மோட்டார் வண்டிக்கு எப்போதும் வேலை இருந்தது. தனியார் ஓட்டிய அக்காலத்துப் பேருந்துகளும் லாரிகளும் பெரும்பாலும் பெட்ரோலில் ஓடியவை. பங்க்குகள் பரவாத அந்நாட்களில், மண்ணெண்ணெயைப் போலவே பெட்ரோலும் தகர டின்களில் அடைக்கப்பட்டு வந்து, புனல் வைத்து டேங்கில் ஊற்றப்பட்டது. வண்டியில் ஏறுவதற்கு முன்பே அதில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுவது வழக்கமான இழப்பாகக் கருதப்பட்டதே தவிர, எவரும் அதை ஒரு கேடாகக் கணக்கில் எடுக்கவில்லை.

பெட்ரோல் எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதை அறிய ஆவியழுத்தம் என்ற அளவு உதவுகிறது. மூடிய கலத்தில் ஒரு திரவத்தின் ஆவி தன் பங்காகச் செலுத்தும் அழுத்தமே அது. இந்தியாவில் விற்கப்படும் பெட்ரோலுக்கு 38 டிகிரி வெப்பத்தில் அந்த அளவு ஏறத்தாழ 60 கிலோபாஸ்கல். காற்று மண்டலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் என்பதை நினைவிற்கொண்டால், பாதி காலியான டேங்கின் மேற்பரப்பில் நிற்பது காற்றைவிடப் பெட்ரோல் ஆவியே அதிகம் என்று சொல்லத்தக்க நிலைமை விளங்கும். 30 டிகிரி வெப்பத்தில் அப்படிப்பட்ட ஒரு லிட்டர் கலவையில் ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட பெட்ரோல் ஆவி வடிவில் இருக்கும். ஆகவே 40 லிட்டர் எண்ணெய் ஊற்றும்போது வெளியே தள்ளப்படும் 40 லிட்டர் கலவையோடு 40 கிராமுக்கும் மேற்பட்ட எரிபொருள் வீணாகிறது. பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு மிகுந்த வட இந்திய நகரங்களோடு ஒப்பிட்டால், கடலோரத் திருவனந்தபுரத்தில் அந்த வேறுபாடு எட்டுப் பத்து டிகிரிக்குள் அடங்கிவிடுவதால், நிறுத்திய வண்டியின் டேங்க் நாள்தோறும் விரிந்து சுருங்கும் அளவு அங்கே குறைவே. ஆனால் குளிர்காலம் என்றே ஒன்று இல்லாத ஊரில் ஆவி அடங்கும் பருவமும் இல்லை.

தீ அபாயத்தைப் பொறுத்தவரை ஒரு செய்தி பலருக்கும் தெரிவதில்லை. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் தீப்பற்றும். அதற்கு மேல் செறிந்தால் எரியப் போதிய காற்று இராது. டேங்கின் உள்ளே செறிவு அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டிருப்பதால், உண்மையான அபாயம் நிற்பது மூடியின் வாயிலிலும், காற்றைவிடக் கனமான அந்த ஆவி தவழ்ந்து தேங்கும் தரைப் பள்ளங்களிலுமே. துளையின் வாயில் நுண்ணிய கம்பிவலை பொருத்தும் வழக்கம் இதனால்தான் தோன்றியது. 1815-இல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்குக்குக் கண்ட அதே உத்தி அது. வலைக் கம்பிகள் சுடரின் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் தீ அதைக் கடந்து உள்ளே செல்வதில்லை.

திருவனந்தபுரத்தின் போக்கை மாற்றிய ஆண்டு 1938. திவான் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சிக்காலத்தில் திருவிதாங்கூர் அரசு போக்குவரத்தைத் தானே நடத்த முடிவுசெய்து, லண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய ஈ.ஜி. சால்டரை 1937-இல் கண்காணிப்பாளராக நியமித்தது. 1938 பிப்ரவரி 20 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் பலராம வர்மா சேவையைத் தொடங்கிவைத்தார். மன்னரும் குடும்பத்தினரும் ஏறிய முதல் பேருந்தை சால்டரே கவடியார் வரை ஓட்டிச் சென்றார். தொடக்க வழித்தடம் நாகர்கோவில், கன்னியாகுமரித் தடமாக இருந்தது தற்செயல் அன்று. ரயில் இல்லாத திசை அது. இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்ட 60 காமர் நிறுவன அடிச்சட்டங்களின் மீது, சால்டரின் மேற்பார்வையில் துறையின் ஊழியர்களே உடற்பகுதியைக் கட்டினர். அந்த அடிச்சட்டங்களில் பொருத்தப்பட்டிருந்தவை பெர்கின்ஸ் டீசல் இயந்திரங்கள்.

பெர்கின்ஸ் நிறுவனம் பீட்டர்பரோ நகரில் தொடங்கப்பட்டதே 1932-இல்தான். இலகு வண்டிகளுக்கேற்ற வேகமான டீசல் இயந்திரம் அன்று இங்கிலாந்திலேயே புதுமை. உலகின் பெரும்பகுதிச் சாலைகளில் லாரிகளும் பேருந்துகளும் பெட்ரோலில் ஓடிய அந்தக் காலத்தில், ஒரு சமஸ்தானம் தன் முதல் அரசுப் பேருந்துகளை டீசலில் ஓட்டியது துணிந்த முடிவு என்றே மதிப்பிட வேண்டும். திருவிதாங்கூர் நாணயத்தில் அரை சக்கரமாக இருந்த கட்டணத்தையும், காக்கி உடுத்திய நடத்துநர்களையும், பட்டதாரி ஆய்வாளர்களையும் பாராட்டும் வரலாறுகள் டேங்கில் என்ன ஊற்றப்பட்டது என்பதை ஒரு சொல்லில் கடந்துவிடுகின்றன. ஆனால் அந்தச் சொல்லுக்குள் அடங்கிய விளைவு பெரிது. டீசலின் ஆவியழுத்தம் பெட்ரோலினதோடு ஒப்பிடவே இயலாத அளவு சிறியது. பெட்ரோல் கடுங்குளிரிலும் தீப்பற்றும் ஆவியை விடுகையில், வண்டிகளுக்கான டீசலின் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையலாகாது என்று இந்தியத் தரவிதி கூறுகிறது. டீசல் டேங்கின் துளையில் வெளியேற ஆவி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை.

அந்தத் துளையில் உள்ளே வருவதுதான் சிக்கல். ஆண்டுக்கு இரண்டு பருவமழை காணும் ஊரில், ஈரம் நிறைந்த கடற்காற்று துளை வழியே புகுந்து, இரவின் குளிர்ச்சியில் டேங்கின் மேற்சுவரில் நீர்த்துளியாகப் படியும். எண்ணெயைவிடக் கனமான நீர் அடியில் தேங்கித் தகரத்தைத் துருவேற்றும். துருவும் நீரும் குழாய் வழியே சென்றால், மயிரிழை இடைவெளியில் இயங்கும் எரிபொருள் பீச்சு பம்பின் உறுப்புகள் தேய்ந்துபோகும். டேங்கின் அடியில் வடிதிருகு வைக்கப்பட்டதும், இரவில் வண்டியை நிறுத்தும்போது டேங்கை நிரப்பி வைத்துக் காற்றுக்கு இடம் குறைக்கும் பழக்கமும், நீர்பிரிக்கும் வடிகட்டிக் கிண்ணமும் இதனால் வந்தவை. துளை அடைபட்டாலும் டீசல் வண்டிக்குத் தொல்லையே: உறிஞ்சு குழாயின் தளர்ந்த இணைப்புகளில் காற்று நுழைந்து குமிழாகத் தேங்க, இயந்திரம் நின்றுவிடும். கைப்பம்பை அடித்து, வடிகட்டியின் மேல்திருகைத் தளர்த்தி, நுரையற்ற எண்ணெய் வரும்வரை காற்றை வெளியேற்றும் அந்த வேலையை ஓட்டுநர்கள் 'ஏர் எடுத்தல்' என்பர். பெட்ரோல் லாரியில் இதற்கு நிகரான தொல்லை ஆவியடைப்பு. இயந்திரச் சூட்டில் குழாயினுள்ளேயே பெட்ரோல் கொதித்துக் குமிழாகி வழியை அடைப்பது. பம்பின் மீது ஈரத்துணி சுற்றுவது அதற்குக் கைமருந்தாக இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, பெட்ரோல் வண்டிகள் டேங்கையே ஏறத்தாழக் கைவிட நேர்ந்தது. பின்புறம் பொருத்திய உருளை அடுப்பில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவைக் குளிரவைத்து வடிகட்டி இயந்திரத்திற்கு ஊட்டும் கரிவாயுக் கருவிகள் இந்தியா முழுவதும் பரவின. திருவிதாங்கூரின் தனியார் பேருந்துகளும் கரியில் ஓடின. காலையில் கைச்சக்கரம் சுழற்றி அடுப்பை மூட்ட வேண்டும். மேட்டில் இழுவை குறையும். வாயு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. தீப்பொறி இல்லாமல் அழுத்தத்தாலேயே எரியும் டீசல் இயந்திரம் கரிவாயுவை மட்டும் கொண்டு இயங்காது.

போர் முடிந்ததும் இராணுவம் கழித்துவிட்ட செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் லாரிகள் இந்தியச் சந்தைக்கு வந்து, பெட்ரோல் லாரிக்கு இன்னும் சில ஆண்டு வாழ்வளித்தன. 1954-இல் ஜாம்ஷெட்பூரில் டாடா மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் லாரிகள் உற்பத்தியாகத் தொடங்கியதும், 1955-இல் சென்னை எண்ணூரின் அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்ட் ஆனதும் நாடெங்கும் கனரக வண்டிகளை டீசலுக்குத் திருப்பின. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, 1938-இல் ஒரே சமஸ்தானத்துக்குள் ஓடிய நாகர்கோவில் தடம் இரு மாநிலங்களை இணைக்கும் தடமாயிற்று. 1965-இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. இந்தக் காலம் முழுவதும் டேங்கின் துளை மாறவே இல்லை.

மாற்றம் வேறொரு கடற்கரையில் தொடங்கியது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கவிந்த புகைமூட்டத்தை 1950-களில் ஆராய்ந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித், எரியாத ஹைட்ரோகார்பன் ஆவிகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று நிறுவினார். கட்டுப்பாடற்ற காரின் ஹைட்ரோகார்பன் கழிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, புகைக்குழாய் வழியாக அல்லாமல் டேங்கிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் ஆவியாகவே வெளியேறுகிறது என்பது அதன் பின் கண்டறியப்பட்டது. கலிபோர்னியாவில் 1970 மாதிரி ஆண்டுக் கார்களுக்கும், அமெரிக்கா முழுவதும் 1971 மாதிரிகளுக்கும் ஆவிக்கட்டுப்பாடு விதிக்கப்பட்டபோது, டேங்கின் துளை குழாய்வழி ஒரு டப்பாவோடு இணைக்கப்பட்டது. அதுவே கேனிஸ்டர். அதனுள் நிரப்பப்படும் செயலூட்டிய கரி, ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்புக் கொண்டது. வண்டி நிற்கும்போது ஆவி அதன் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும், இயந்திரம் ஓடும்போது அதன் உறிஞ்சலில் வெளிக்காற்று கரியின் ஊடே பாய்ந்து ஆவியைப் பெயர்த்து எரிப்பறைக்குக் கொண்டுசெல்லும்.

தென்னை நாடான கேரளத்துக்குச் சிரட்டைக் கரி புதிதன்று; முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்கு அதுவே சிறந்ததென உலகம் தேடிவாங்கியது. கேனிஸ்டருக்கோ அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை. சிரட்டைக் கரியின் துளைகள் மிகக் குறுகியவை. பெட்ரோல் ஆவியை இறுகப் பற்றிக்கொண்டு, திரும்ப விடுவதில்லை. விட்டுக்கொடுக்கும் கரிதான் கேனிஸ்டருக்கு வேண்டும். ஆதலால் சற்றே அகன்ற துளைகள் கொண்ட மரக்கரியே அங்கு பெரிதும் பயன்படுகிறது.

இந்தியாவில் 1990-களின் நடுப்பகுதியில்தான், மூடிய அறையில் நிறுத்திய பெட்ரோல் காரிலிருந்து ஒரு சோதனைக்கு 2 கிராமுக்கு மேல் ஆவி வெளியேறலாகாது என்ற வரம்பு வந்து, புதிய கார்களில் கேனிஸ்டர் இடம்பெற்றது. ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் பாரத் நிலை 4 என்ற மாசு வரம்பு விதிகள் 2017-இல் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை அந்த வரம்புக்கு வெளியே நின்றன. அமெரிக்காவில் பெட்ரோல் லாரிகளின் டேங்குகளும் கேனிஸ்டர் ஏற்க நேர்ந்திருக்க, இங்கே டீசல் லாரிகள் கேனிஸ்டரைக் காணாமலே ஒரு முழுக் காலத்தைக் கடந்தன. இதைத் தூய்மையின் சான்றாகக் கொள்வது தவறு. ஆவி விடாத அதே லாரிகள் புகைக்குழாயில் கரித்துகளை உமிழ்ந்தன. தம்பானூரிலும் கிழக்கே கோட்டையிலும் பேருந்துக்காகக் காத்துநின்றவர்கள் அதைச் சுவாசித்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த கரும்புகையைக் கண்டித்த பொதுக்கருத்து, நகரின் ஆயிரக்கணக்கான இருசக்கர வண்டிகள் அணைந்து நின்றபடியே விட்ட நிறமற்ற ஆவியை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை என்பதும் அதே அளவு வருந்தத்தக்கது.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகள் டீசல் லாரிகளில் இரண்டாவது டேங்க் ஒன்றைப் பரவலாக்கின. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்க உதவும் யூரியாக் கரைசலைத் தாங்கும் அந்தச் சிறு பிளாஸ்டிக் டேங்குக்கும் ஒரு பிரீதர் உண்டு. கரைசல் உலர்ந்தால் வெண்படிகமாகி அதன் துளையை அடைத்துவிடும். அடைபட்டால் டேங்கினுள் அழுத்தம் குறைந்து, பம்பு கரைசலை இழுக்க இயலாமல் திணறும். அப்போது லாரியின் கணினி இயந்திரத்தின் ஆற்றலைத் தானே குறைத்துவிடுவதால், படிகத்தை வெந்நீரில் கரைத்துத் துளையைத் திறக்கும் வேலை பட்டறைகளுக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது.